ஆறு காட்டிய வழி

மாணவ நண்பர்களே, ஒருநாள் மிதிவண்டிப் பயணம் ஒன்றைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன். விரைந்து சென்று வெற்றி பெற்ற கதை அன்று இது. மெல்லச் சென்று, நெடுநாள் அறியாதிருந்த ஒன்றை அறிந்துகொண்ட கதை.

விருத்தாசலத்தில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் நான். சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒருநாள், ஐரோப்பியர் வருகை என்னும் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர் நம் கிழக்குக் கரையில் அமைத்த வாணிகத் தலங்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம் என்று ஐந்து பெயர்கள். எழுதி முடித்ததும் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். பீங்கான் சூளை ஒன்றில் வேலை செய்யும் தொழிலாளியின் மகன் அவன்.

"ஐயா, நம் ஊர் மணிமுத்தாறு எங்கே போய்க் கடலில் சேருகிறது?" என்று கேட்டான்.

"வெள்ளாற்றிற் கலந்து, பரங்கிப்பேட்டையிற் சேருகிறது" என்றேன்.

"கரும்பலகையில் எழுதியிருக்கின்றீர்களே, அந்தப் பரங்கிப்பேட்டையா?"

"ஆம்."

"அப்படியானால் இது நம் ஆற்றின் கதை அல்லவா, ஐயா? தாங்கள் அவ்வூருக்குப் போயிருக்கின்றீர்களா?"

இல்லை என்று சொல்ல நேர்ந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்திருக்கின்றேன். என் வீட்டு வாயிலுக்கு அருகே ஓடும் ஆறு அங்கேதான் செல்கிறது என்பதை ஒருமுறையேனும் மாணவர்க்குச் சொன்னதில்லை. மணி அடித்தது, வகுப்பு கலைந்தது. ஆனால், அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் என் பழைய மிதிவண்டியைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் இட்டு, ஆற்றின் வழியே கடலை நோக்கிப் புறப்பட்டேன்.

விருத்தாசலத்திலிருந்து பரங்கிப்பேட்டை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பேருந்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்திற் போய்விடலாம். ஆனால், பேருந்து ஊர்களைக் காட்டுமேயன்றி, ஊர்களுக்கு இடையே உள்ள தொடர்பைக் காட்டாது. நடந்து சென்றாலோ ஒருநாளில் முடியாது. மிதிவண்டி இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கும் ஊர்தி. கண்ணுக்கும் காதுக்கும் வேலை தந்து, வேண்டிய இடத்தில் ஒரு காலை ஊன்றி நிற்க இடங்கொடுக்கும்.

புறப்படும்பொழுது பழமலைநாதர் கோயிலின் கோபுரம் இளவெயிலில் பொன்னிறமாகத் தோன்றியது. விருத்தாசலம் என்பது வடமொழிப் பெயர். திருமுதுகுன்றம் என்பதே தேவாரம் பாடிய மூவரும் வழங்கிய பழம்பெயர். பத்தாம் நூற்றாண்டில் சோழப் பேரரசி செம்பியன் மாதேவியார் இக்கோயிலைக் கற்றளியாக்கினார். இவ்வூரின் ஆற்றில் சுந்தரர் தாம் பெற்ற பன்னீராயிரம் பொன்னை இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவதா என்று நம் வீடுகளில் இன்றும் சொல்லுகின்றார்கள் அன்றோ? அன்று காலையில் அந்தப் பழமொழி எனக்கு வேறு பொருள் தந்தது. நம் ஊர் ஆற்றில் இட்டது எங்கே போய் வெளிப்படுகிறது என்று தேடுவதே என் பயணம்.

இன்றைய விருத்தாசலத்திற்கு மற்றொரு பெயரும் உண்டு. அதுவே பீங்கான் நகரம். நெய்வேலியில் நிலக்கரி நிறுவனம் 1956-ஆம் ஆண்டு தோன்றியது. பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக மேல்மண்ணை அகழ்ந்தபோது வெண்களிமண் மிகுதியாகக் கிடைத்தது. அதனைக்கொண்டு விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்தது. மின்கம்பி தாங்கும் பீங்கான், மின் உருகியின் கூடு, அகல்விளக்கு, பொம்மை என்று பல பொருள்கள் இங்கே சூளையில் வெந்து வெளியேறுகின்றன. பீங்கான் தொழிற்கல்வி அளிக்கும் கல்லூரியும் இங்கு உண்டு.

ஒல்லாந்தருக்கும் பீங்கானுக்கும் ஓர் உறவு உண்டு என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். 1602-ஆம் ஆண்டு தோன்றிய அவர்களது கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் சீனத்துப் பீங்கானை ஐரோப்பாவிற்கு ஏராளமாகக் கொண்டு சென்றன. நீலப்பூ வரைந்த அந்த வெண்கலங்களைக் கண்டு ஐரோப்பியர் மயங்கினர். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் சீனத்தில் உள்நாட்டுப் போர் மூண்டு சரக்கு வரவு குறைந்தபோது, டெல்ஃப்ட் என்னும் டச்சு நகரத்துக் குயவர் அதனைப் போலவே செய்ய முற்பட்டனர். ஆனால், சீனத்தாரின் வெண்களிமண்ணும் அதனை வேகவைக்கும் முறையும் அவர்களுக்கு அகப்படவில்லை. ஆகவே சாதாரண மண்கலத்தின்மேல் வெள்ளைப் பூச்சுப் பூசி, நீலச் சித்திரம் தீட்டினர். உண்மைப் பீங்கானை ஐரோப்பாவில் முதன்முதலிற் செய்தளித்தது ஜெர்மனியின் மைசன் ஆலை; அது 1710-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. உலகை வலம்வந்த வணிகரும் ஒருபிடி வெள்ளை மண்ணுக்காக ஏங்கிய காலம் இருந்தது. அத்தகைய மண்ணை அன்றாடம் கையாளும் தந்தையின் மகனே என்னிடம் கேள்வி கேட்டவன்.

நகரைக் கடந்ததும் ஆற்றைக் கண்டேன். கல்வராயன் மலையிற் பிறந்து வரும் மணிமுத்தாறு, தை மாதத்தில் மணலிடையே ஒரு நூலிழை போல் நெளிந்துகொண்டிருந்தது. தென்மாவட்டத்தில் இதே பெயருடைய வேறோர் ஆறும் உண்டு, மயங்க வேண்டா. சிற்சில இடங்களில் மணல் அள்ளிய பள்ளங்களில் பச்சை நிறமாக நீர் தேங்கி நின்றது. கருவேல முள் கரையை மூடியிருந்தமையால், பல இடங்களில் ஆற்றங்கரையை விட்டுச் சாலைக்கு வந்து மீண்டும் ஆற்றைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது.

வெயில் ஏறுமுன் கூடலையாற்றூரை அடைந்தேன். மணிமுத்தாறும் வெள்ளாறும் கூடும் இடமாதலின் அப்பெயர் பெற்றது. சேலம், நாமக்கல் பகுதி மலைகளிலிருந்து வரும் வசிட்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்தே வெள்ளாறு ஆகின்றது. சுவேதம் என்பதற்கு வெண்மை என்பது பொருள். புதுக்கோட்டைப் பக்கத்து வெள்ளாறு வேறு, இது வேறு. இங்குள்ள சிவபெருமானுக்கு நெறிகாட்டுநாதர் என்பது திருநாமம். திருமுதுகுன்றத்திற்கு வழி கேட்ட சுந்தரருக்கு, முதியவர் வடிவில் வந்த இறைவன் கூடலையாற்றூருக்குச் செல்லும் வழி இது என்று சொல்லி உடன்வந்து மறைந்தார் என்பர்.

கோயில் நிழலில் அமர்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்தபோது ஒரு சொல் என் நினைவுக்கு வந்தது. தமிழில் ஆறு என்பது நதியை மட்டும் குறிப்பதன்று, வழியையும் குறிப்பது. ஆற்றுப்படை என்பது வழிப்படுத்துவது என்று உங்களுக்குப் பாடத்தில் சொல்லியிருப்பார்கள். நதிக்கும் நெறிக்கும் ஒரே சொல்லை வழங்கிய நம் முன்னோர், நதியின் கரையே முதல் நெடுஞ்சாலை என்பதை வாழ்ந்து கண்டவர்கள் போலும்! மலைநாட்டிலிருந்து கடலுக்குப் போகும் வழி எது என்று கேட்டால், ஆறே விடை கூறும்.

அந்த வழியின் நினைவு இப்பகுதியில் இன்னும் அழியவில்லை. வெள்ளாற்றுக்குத் தெற்கே, திருமுட்டம் என்னும் ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகப் பெருமாள் கோயில் இருக்கின்றது. ஆண்டுதோறும் மாசி மகத்தை ஒட்டிப் பெருமாள் அங்கிருந்து எழுந்தருளி, ஊர் ஊராகத் தங்கி, வெள்ளாற்று முகத்துவாரத்திற்குத் தெற்கே உள்ள கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குச் செல்லுகின்றார். வழியில் தைக்கால் என்னும் ஊரில் இசுலாமியப் பெருமக்கள் அவரை வரவேற்று மரியாதை செய்கின்றனர். உள்நாடும் கடற்கரையும் ஒன்றையொன்று மறவாமலிருக்க மக்கள் தாமே அமைத்துக்கொண்ட ஏற்பாடு இது என்று நான் கருதுகின்றேன்.

கூடலையாற்றூரை விட்டுக் கிழக்கே செல்லச் செல்ல நிலத்தின் நிறம் மாறியது. செம்மண்ணும் முந்திரியும் பின்னே சென்றன. நெல்வயலும் கரும்புத் தோட்டமும் முன்னே வந்தன. சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. கரும்பு ஏற்றிய வண்டிகளின் பின்னே மெதுவாகச் சென்று சேத்தியாத்தோப்பை அடைந்தேன். அங்கே வெள்ளாற்றின் குறுக்கே அணைக்கட்டு உண்டு. காலை முழுவதும் மணலையே கண்ட எனக்கு, அணையின்மேற் பரந்து நின்ற நீரைக் கண்டதும் உள்ளம் குளிர்ந்தது.

இவ்வூரின் அருகே வீராணம் ஏரி தொடங்குகின்றது. வீரநாராயணன் என்னும் சிறப்புப் பெயர் பூண்ட முதற் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் அமைந்த ஏரி அது. கல்கியின் பொன்னியின் செல்வன் இவ்வேரிக் கரையில்தான் தொடங்குகின்றது. வந்தியத்தேவன் குதிரைமேல் வருகின்றான். என்னிடம் இருந்தது இரும்புக் குதிரை. அது புல் கேட்கவில்லை. ஆயினும், காற்றுக் கேட்டது. ஒரு கடையில் நிறுத்திச் சக்கரத்திற்குக் காற்று அடித்துக்கொண்டேன். 2004-ஆம் ஆண்டு முதல் இந்த ஏரியின் நீர் 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட குழாய் வழியே சென்னைக்குச் செல்லுகின்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஏரியின் நீரை இன்றைய தலைநகரம் குடிக்கின்றது. பழமை என்பது இறந்துபோன ஒன்றன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நண்பகலுக்குப் பின் புவனகிரியை அடைந்தேன். நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. வள்ளலார் 1823-ஆம் ஆண்டு தோன்றிய மருதூரும் இவ்வட்டாரத்திலேயே உள்ளது. ஒரு வீட்டுத் திண்ணையில் தண்ணீர் கேட்டேன். உள்ளே தறி ஓடும் ஓசை கேட்டது. வீட்டுப் பெரியவர் தண்ணீர் தந்து, எங்கிருந்து வருகின்றேன் என்று வினவினார். விருத்தாசலம் என்றதும், "வெள்ளாற்றோடு வந்தீர்களா? நான் இளைஞனாயிருந்தபோது சாயம் ஏற்றிய நூலை ஆற்றிலேதான் அலசுவோம். இப்பொழுது எல்லாம் குழாய்க் கிணற்று நீர்தான்" என்றார். தறியை அவர் பெருமையோடு காட்டினார். ஆற்றைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் தாழ்ந்தது.

அந்தத் திண்ணையில் என் பாடம் எனக்கு விளங்கத் தொடங்கியது. ஒல்லாந்தர் நம் நாட்டிற்கு எதற்காக வந்தனர்? மிளகுக்காக, வாசனைப் பொருள்களுக்காக என்று எழுதுகின்றோம். ஆனால், கிராம்பும் சாதிக்காயும் விளையும் கிழக்குத் தீவுகளில் மக்கள் விரும்பிக் கேட்டது சோழமண்டலக் கரையின் துணி. துணி இல்லாமல் கிராம்பு வாங்க இயலாது. ஆகவே 1608-ஆம் ஆண்டு செஞ்சி நாயக்கரின் இசைவு பெற்றுத் தேவனாம்பட்டினத்தில் இடங்கொண்டனர். 1610-இல் பழவேற்காட்டில் அமர்ந்தனர். 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பறித்தனர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பரங்கிப்பேட்டையிலும் பண்டகசாலை வைத்தனர். வெள்ளையர் கடற்கரையில் அமர்ந்திருந்தனர். துணியோ உள்நாட்டு நெசவூர்களிலிருந்து வந்தது. நம் நாட்டு வணிகர் இடைநின்று நெசவாளர்க்கு முன்பணம் தந்து துணி சேர்த்தனர். ஆக, அந்த வாணிகத்தின் வேர் துறைமுகத்தில் இல்லை. இத்தகைய திண்ணைகளுக்குப் பின்னே இருந்த தறிக்குழியில் இருந்தது. பாடநூல் துறைமுகத்தின் பெயரைச் சொல்லுகின்றது. தறிக்குழியின் பெயரைச் சொல்லுவதில்லை.

துணி மட்டுமா கப்பலேறியது? அதனையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது, ஆயிரக்கணக்கான தமிழ் மக்களை ஒல்லாந்தர் அடிமைகளாக விலைக்கு வாங்கி, இலங்கைக்கும் இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவிற்கும் கொண்டு சென்றனர். பட்டினியால் பெற்ற பிள்ளையை விற்றவர்களும், தம்மையே விற்றுக்கொண்டவர்களும் அவர்களுள் உண்டு. அவர்கள் பெயர்களை நாம் கரும்பலகையில் எழுதுவதில்லை. வரலாற்றில் தேதிகளை நினைவிற் கொள்ளும் நாம், இவர்களை மறந்தால் அது கல்வி ஆகாது.

மாலை நான்கு மணியளவில் பரங்கிப்பேட்டையை அடைந்தேன். காற்றில் உப்பு மணத்தது. காலையில் நூலிழையாக இருந்த ஆறு, இங்கே அகன்று, அலைபுரண்டு, படகுகளைத் தாங்கி நின்றது. போர்ச்சுக்கீசியர் புதுத் துறைமுகம் என்னும் பொருளில் போர்ட்டோ நோவோ என்றனர்; முசுலிம் வணிகர் மகமூது பந்தர் என்றனர்; நம்மவர் பரங்கியர் தங்கிய பேட்டையைப் பரங்கிப்பேட்டை ஆக்கினர். பரங்கிக்காய் என்னும் பெயரிலும் அந்தப் பரங்கியே ஒளிந்திருக்கின்றான். துட்டு என்னும் சொல்லும் ஒல்லாந்தரின் சிறுகாசாகிய டொயிட் என்பதிலிருந்து வந்தது என்று சொல்லாராய்ச்சியாளர் சிலர் கூறுவர்.

இந்த ஊரின் அருகே 1781-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் ஐதர் அலியின் பெரும்படையை ஆங்கிலத் தளபதி அயர் கூட் எதிர்த்து வென்றார். அதே ஆண்டில் ஒல்லாந்தர் நாகப்பட்டினத்தையும் ஆங்கிலேயரிடம் இழந்தனர். பின்னர், 1830-ஆம் ஆண்டளவில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் சேலத்து இரும்புக் கனிமத்தை மரக்கரியால் உருக்கும் ஆலையை இங்கே நிறுவினார். காடுகள் கரியாயின, ஆலையும் அந்நூற்றாண்டிலேயே மூடப்பட்டது. இன்று இங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் மையம் இருக்கின்றது. அரசுகளும் கம்பெனிகளும் வந்து போயின. ஆறு கொண்டுவரும் வண்டலில் வளரும் மீனையும் இறாலையும் நம்பி வாழும் மக்கள் மட்டும் போகவில்லை.

ஆற்று முகத்தருகே மிதிவண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். என் எண்ணம் கடலைத் தாண்டி ஒல்லாந்து நாட்டிற்குச் சென்றது. இங்கே வந்து துணி வாங்கிய அதே 17-ஆம் நூற்றாண்டில், அவர்கள் தம் நாட்டில் வாய்க்கால்களை வெட்டி, கரையில் குதிரையை நடத்தி, கயிறு கட்டிப் பயணப் படகுகளை இழுத்தனர். மணிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வேகம். குறித்த நேரத்தில் புறப்பாடு. குதிரைகள் நடந்த அத்தகைய கரைப்பாதைகள் பலவற்றில் இன்று மிதிவண்டிகள் செல்லுகின்றன. மக்கள்தொகையைக் காட்டிலும் மிதிவண்டிகளின் தொகை மிகுந்த நாடு அது. விடுமுறை நாளில் முதியவரும் சிறுவரும் ஆற்றங்கரையோடு மெல்ல மிதித்துச் சென்று, தம் நாட்டின் அணையையும் காற்றாலையையும் பழந்துறையையும் பார்த்து வருகின்றனர். ஆற்றங்கரையைப் பேணினார்கள், ஆகவே கரையின் வரலாறும் அவர்கள் கண்முன் நிற்கின்றது. நம் ஆற்றின் கரையோ முள் மூடிக் கிடக்கின்றது. படுகை பள்ளமாகக் கிடக்கின்றது. ஆற்றை இழப்பவன் நீரை மட்டும் இழப்பதில்லை. தான் வந்த வழியையும் இழக்கின்றான்.

இருள் சூழ்ந்தது. அன்றிரவு அங்கே நண்பர் ஒருவர் வீட்டில் தங்கி, விடியுமுன்னே மிதிவண்டியைப் பேருந்தின்மேல் ஏற்றிக்கொண்டு திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கு வந்துவிட்டேன். கரும்பலகையில் ஐந்து பெயர்களை எழுதவில்லை. ஒரு கோடு வரைந்தேன். கோட்டின் ஒரு முனையில் விருத்தாசலம், மறுமுனையில் பரங்கிப்பேட்டை, நடுவே கூடலையாற்றூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி. ஒவ்வோர் ஊரிலும் கண்டதைச் சொன்னேன். தறியைச் சொன்னேன், கப்பலேறிய மக்களைச் சொன்னேன், டெல்ஃப்ட் நகரத்துக் குயவர்க்குக் கிட்டாத வெள்ளை மண்ணைச் சொன்னேன். அப்பொழுது அந்த மாணவன் தலைநிமிர்ந்து அமர்ந்திருந்தான்.

வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, "ஐயா, அரசு தந்த சைக்கிள் என்னிடமும் இருக்கிறது. அடுத்த முறை நானும் வருகிறேன்" என்றான்.

மாணவ நண்பர்களே, உங்களிற் பலரிடமும் அரசு வழங்கிய மிதிவண்டி இருக்கும். அது நாள்தோறும் உங்களைப் பள்ளிக்குக் கொண்டுசெல்லுகின்றது. ஆண்டில் ஒருநாள் அதனை உங்கள் ஊர் ஆற்றோடு செலுத்துங்கள். பாலாறாயினும், தென்பெண்ணையாயினும், வைகையாயினும், பெயர் பெறாத ஓடையாயினும் அது எங்கிருந்து வருகின்றது, எங்கே போகின்றது, அதன் கரையில் யார் வாழ்ந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தோழர் இருவர் மூவராகச் செல்லுங்கள், வீட்டிற் சொல்லிவிட்டுச் செல்லுங்கள், விரைய வேண்டா. திண்ணைப் பெரியவர்களிடம் தண்ணீர் கேளுங்கள். தண்ணீரோடு வரலாறும் கிடைக்கும். கிடைத்ததைக் குறித்துக்கொண்டு வந்து உங்கள் ஆசிரியரிடம் கேள்வி கேளுங்கள். அவர் விடை அறியாதவராயின், அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.